இடக்கைக்கு அமைந்த கல்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் புதுச் சாலைக்குத் திருவள்ளூர்ப் பக்கத்துச் சரளை கொட்டிக்கொண்டிருந்தார்கள். சாலை முடிகிற இடத்துத் தொழிற்சாலையில் வேம்பு அன்று குமாஸ்தாவாகச் சேர வேண்டும். சரித்திரத்தில் பி.ஏ. தேறியவள் அவள். அந்தப் படிப்புக்காக அம்மா அங்கம்மா வீட்டுப் பத்திரத்தைப் பூந்தமல்லி அடகுக்கடையில் வைத்துவிட்டு, இதே சாலையில் சரளை சுமந்துகொண்டிருந்தாள்.

வேம்புவின் மனமோ வேறிடத்தில் இருந்தது. திருவள்ளூருக்கு அப்பால் ஆற்றோரம் ஆதிமனிதரின் கல்லாயுதங்களைத் தோண்டப் போகும் பேராசிரியர் அவளையும் கூப்பிட்டிருந்தார். சாப்பாடு உண்டு, சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இன்று வேலையில் சேர்ந்தால் அது போயிற்று.

அம்மாவின் கூடையைத் தாண்டும்போது வேம்புவின் கால் நின்றது. சரளைக்கு நடுவே வாதுமைக்கொட்டை வடிவத்தில் ஒரு கல் கிடந்தது. இரு பக்கமும் செதுக்கிய செதுக்கல்.

வலக்கையில் எடுத்தாள். பிடிக்குள் கல் உட்காரவில்லை. இடக்கைக்கு மாற்றினாள். கட்டைவிரலுக்கென்றே ஒரு பள்ளம் காத்திருந்தது. எழுதினாலும் நீட்டினாலும் இடக்கைதான் முந்தும் என்று சின்ன வயதிலிருந்து அடிபட்டவள் அவள். இதைச் செய்தவருக்கும் அதே கைதானோ?

“இன்னாடி, கேட்டுக்குள்ள போவாம கல்ல வச்சிகினு கீற?”

“மனுசன் செஞ்சதும்மா. லட்சக்கணக்கான வருசம் இருக்கும்.”

“அம்மாம் நாளு கெடந்ததுக்கு, நம்ம கடன் அடையிற வரிக்கும் கெடக்கத் தெரியாதா?”

“கல்லு கெடக்கும். ரோலர் கெடக்க வுடுமா?”

அங்கம்மா திரும்பி ரோலரைப் பார்த்தாள். அதன் மேலிருந்த துலுக்கானம், “இன்னா அங்கம்மாக்கா, பொண்ணும் சித்தாளு வேலைக்கா? படிச்ச கூலி நமக்குக் கட்டாதும்மா” என்றான்.

“வாய மூட்றா, கட்டைல போறவனே. இந்த மாரி சாடைல எது வந்தாலும் எட்த்து ஓரமா வை. ஒண்ணு மேல வண்டிய ஏத்தின, பாத்துக்க.” பிறகு மகளிடம், தாழ்ந்த குரலில்: “நீ போ. அங்கயாச்சும் சோத்தாங்கையால கையெய்த்து போடு.”

வேம்பு போனாள். ஆற்றங்கரையை நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். பழகிய இடக்கையால்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பகலெல்லாம் வருகைப் பதிவேட்டின் பெயர்களுக்கு நடுவே அந்தப் பள்ளம் கட்டைவிரலில் உறுத்திக்கொண்டே இருந்தது.

சாயங்காலச் சங்கு ஊதி வெளியே வந்தபோது வேலியோர வேப்பமரத்தடியில் கூட்டம். எட்டிப் பார்த்தாள். ரோலருக்குத் தப்பிய கற்கள் கூர் மேலே நிற்கும்படி வரிசையாக நடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் மஞ்சள், நடுவில் குங்குமம். யாரோ கற்பூரமும் ஏற்றியிருந்தார்கள். ஷிப்டு முடிந்து வந்த ஆட்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“ஓரமா வைன்னுதாண்டி சொன்னேன்” என்றாள் அங்கம்மா, பாதி வெட்கமாக. “சித்தாளுங்க மஞ்சா தடவிட்டாளுங்கோ.”

துலுக்கானம் துண்டை இடுப்பில் கட்டியபடி, “தங்கச்சி, இது எந்த அம்மன்? பேரு சொல்லு, வேண்டிக்கறோம்” என்றான்.

இது தெய்வமில்லை, ஆயுதம் என்று சொல்ல வேம்பு வாயெடுத்தாள். எந்த அம்மனுக்கும் பெயர் வைக்குமுன் ஒரு கை செதுக்கிய கல்லுக்கு முன்னால் இத்தனை பேர் செருப்பைக் கழற்றி நிற்கிறார்கள். பேராசிரியர்கூட இப்படி நின்றிருப்பாரா?

அவளும் செருப்பைக் கழற்றினாள்.

“பேரு தெரிலண்ணே” என்றாள். “நாளைக்கும் லோடு வருமில்ல? பாத்து எடுத்து வையி. நான் தினமும் இந்த வழியாத்தான் வேலைக்கு வருவேன்.”

குனிந்து, குங்குமம் காயாத கல்லை இடக்கையால் தொட்டாள். சாமிக்கு முன்னால் அந்தக் கையை நீட்டியதற்கு அம்மா அவளை அடிக்கவில்லை.