ஹோட்டல் சுவரில் அம்மா

அவளுக்குச் சின்ன வயதிலேயே ‘சைரன்’ என்று பேர் விழுந்துவிட்டது. கம்பெனியில் ஷிப்ட் முடிந்து ஊதுகிற சைரனுக்கும் அவள் தொண்டைக்கும் வித்தியாசமே தெரியாது என்று லைன் வீட்டு ஜனங்கள் சொல்வார்கள். இப்போது தலை நரைத்து, பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். தொண்டை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. பஸ்ஸில் வருகிற வாண்டுகளுக்குக் கூட அவள் சைரன் ஆன்ட்டிதான்.

தம்பி அவளுக்கு நேர் எதிர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி பேசுவான். கம்பெனி ஸ்டோரில் அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்த அன்று, அவனே போன் பண்ணினான்.

“அக்கா, இன்னைக்கு அடுப்பு பத்த வைக்காத. நம்ம லைன்லயே புது ஹோட்டல் வந்திருக்கு. நான் கூட்டிட்டுப் போறேன்.”

லைன் என்பது அவர்கள் பிறந்து வளர்ந்த இடம். கம்பெனி சின்னதாக இருந்தபோது தொழிலாளிகளுக்கென்று கட்டிப் போட்ட தகரக் கூரை வீடுகள். ஒவ்வொன்றும் ஒற்றை அறை, தீப்பெட்டி அடுக்கின மாதிரி வரிசையாக இருக்கும். ஊர் பெருத்து மெயின் ரோடு அகலமானதும் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். எப்படியோ தப்பித்த கடைசி வரிசையைத்தான் யாரோ வாங்கி, நடுச்சுவர்களை உடைத்து, ஏசி போட்டு ஹோட்டல் ஆக்கியிருந்தார்கள்.

உள்ளே நுழைந்ததுமே அவளுக்குச் சுருக்கென்றது. பரிமாறுகிற பையன்கள் காக்கிச் சட்டை போட்டிருந்தார்கள், பாக்கெட்டில் நம்பரோடு. அப்பா போட்ட அதே கம்பெனிச் சட்டை. “வேஷம் கட்டியிருக்கானுங்க” என்று முணுமுணுத்தாள். “டிசைன்க்கா, டிசைன்” என்றான் தம்பி.

சுவர் முழுக்கப் பழைய போட்டோக்கள். கேட்டை விட்டு சைக்கிளோடு பொங்கி வருகிற ஆட்கள். ஒரே ஒரு டிவிக்கு முன்னால் மொத்தத் தெருவும் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. லைனுக்கு வந்த முதல் ஸ்கூட்டர்மேல் ஈயாக மொய்த்த பிள்ளைகள். எல்லாம் கிரேன் மாமா எடுத்தவை. கிரேன் ஓட்டுகிறவர், லைனில் கேமரா வைத்திருந்த ஒரே மனுஷன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் புகுந்துவிடுவார்.

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “டேய், டவுசர் நழுவ நிக்கிறது நீதாண்டா! மூக்கைத் தொடைடா!” என்று ஹாலே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். அப்படியே கை கழுவப் போனாள்.

வாஷ்பேசினுக்குப் பக்கத்துச் சுவரில், கதவு உயரத்துக்கு, அம்மா.

பொதுக்குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். புடவை முழங்காலுக்கு மேல் ஏறியிருக்கிறது. ஜாக்கெட் அக்குளில் கிழிந்திருக்கிறது. கொண்டை அவிழ்ந்து மயிர் முகத்தில் ஒட்டியிருக்கிறது. முன்னால் கரி பிடித்த பெரிய பெரிய அண்டாக்கள். யாரையோ திட்ட வாயைத் திறந்திருக்கிறாள். படத்துக்குக் கீழே பளபளவென்று ஒரு பலகை: ‘கவலையில்லாத காலம்’.

இரண்டு பெண்கள் படத்துக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அம்மா மாதிரியே வாயைப் பிளந்து காட்டினாள். மற்றவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த அண்டாக்கள் அம்மாவுடையவை அல்ல. அப்பா உலைக்களத்தில் கால் வெந்து கட்டிலோடு கிடந்த வருஷம் அது. தெருக்கோடி மெஸ்ஸின் பாத்திரங்களைத் தேய்த்துத்தான் அம்மா வீட்டை ஓட்டினாள். கிரேன் மாமா விளையாட்டாக கிளிக் பண்ணியதும் ஒரு வாளித் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தாள். படம் கழுவி வந்த அன்று அவர் வீட்டுக்கே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். தலை சீவாமல் வாசல் தாண்டாதவள். மற்ற போட்டோவுக்கெல்லாம் ஓடிப்போய் முகம் கழுவி, இருக்கிற ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கம்பம் மாதிரி நிற்பாள்.

“மேனேஜர் யாரு இங்க?”

ஹாலில் ஸ்பூன் சத்தம் நின்றுவிட்டது. டை கட்டிய ஒருவர் ஓடி வந்தார்.

“இத இறக்குங்க.”

“மேடம், இதுதான் இங்க ஹிட்டே. வர்றவங்க எல்லாரும் இதுகூடத்தான் போட்டோ எடுத்துக்கறாங்க.”

“ஹிட்டா? உங்கம்மாவக் கிழிஞ்ச ஜாக்கெட்டோட கொண்டாந்து உக்கார வைங்க, அதுவும் ஹிட்டாகுதான்னு பாப்போம்.”

“கோவப்படாதீங்க மேடம். ஐஸ்கிரீம் தரச் சொல்றேன். இத நாங்களா எடுத்துக்கல, அவங்க குடும்பத்துலருந்தே குடுத்ததுதான்.”

சைரன் மெல்லத் திரும்பினாள். தம்பி டேபிளில் சூப்பைத் தள்ளி வைத்துவிட்டு, நாப்கினை மடித்து மடித்து ஒரு தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்திருந்தான். தலை நிமிரவில்லை.

“நீயாடா?”

“ஓனர் எனக்குத் தெரிஞ்சவரு. பழைய படம் இருந்தாக் குடுன்னாரு. உனக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு…”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். “மேடம், மேடம்” என்று மேனேஜர் கையைப் பிசைந்தார். ஆணியிலிருந்து தூக்கியபோதுதான் படத்தின் கனம் தெரிந்தது. ஒரு பக்கம் சரிந்தது, நாற்காலி ஆடியது. தம்பி பாய்ந்து வந்து மறு முனையைப் பிடிக்காவிட்டால் அம்மாவும் பெண்ணும் சேர்ந்தே விழுந்திருப்பார்கள்.

“உள்பக்கம் திருப்பிப் பிடி” என்றாள்.

எந்த ஆட்டோக்காரனும் அதை ஏற்றிக்கொள்ளவில்லை. அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு, பஸ்ஸும் லாரியும் உறுமுகிற ரோட்டோரமாக நடந்தார்கள்.

“எவளோ ஒருத்தி எங்கம்மா மாதிரி வாயப் பொளந்து காட்டுறாடா. நீ சூப்புக்கு மிளகுத்தூள் போட்டுட்டு உக்காந்திருக்க.”

“அக்கா, கொஞ்சம் மெதுவா.”

“மாட்டேன்! அவளுக்கு அந்தப் படம் பிடிக்கல. அது போதாதா உனக்கு?”

தம்பி சட்டென்று நின்றான். படம் அவள் தோளில் இடித்தது. அவன் குரல் உயர்ந்து அவள் கேட்டதே இல்லை.

“பிடிக்கலன்னா அவளே கிழிச்சிருக்க மாட்டாளா? பிஸ்கட் டின்னுக்கு அடியில, பேப்பருக்குக் கீழ வச்சிருந்தா. நீ கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்ட. கடைசி வரைக்கும் குளிப்பாட்டிச் சோறு ஊட்டினவன் நான். வெறப்பா நிக்கிற போட்டோ எதுலயும் எங்கம்மா இல்லக்கா. இதுல மட்டும்தான் இருக்கா. நாலு பேர் பாக்கட்டும்னு நெனச்சேன்.”

அவளுக்குக் கோபம் இன்னும் தலைக்கேறியது.

“அப்ப உன் வீட்டு ஹால்ல மாட்டியிருக்கணும். கை கழுவுற எடத்துல இல்ல. செத்துட்டா அவளுக்கு வாய் இல்லன்னு நெனச்சுட்டியா? எனக்கு இருக்குடா வாய்.”

படத்தை அவள் வீட்டுச் சுவரைப் பார்த்துச் சாத்திவிட்டுத் தம்பி போய்விட்டான்.

மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி பஸ்ஸோடு ஹோட்டலுக்குப் போனாள், தம்பி கொடுத்திருந்த சின்ன ஒரிஜினல் போட்டோவை வாங்க. மேனேஜர் அவளைப் பார்த்ததும் கவரோடு தயாராக வந்தார். ஆனால் அந்தச் சுவர் காலியாக இல்லை. அதே இடத்தில், அதே பலகைக்கு மேலே, கிரேன் மாமா எடுத்த வேறொரு படம். குழாயடியில் இரண்டு பெண்கள் ஒருத்தி மயிரை ஒருத்தி பிடித்து உலுக்குகிறார்கள். அதில் ஜெயிக்கிறவளை அவளுக்கு நன்றாகவே தெரியும். எதிர்வீட்டுக்காரி. அவள் மகள் இப்போது மார்க்கெட்டுக்குள் தையல் கடை வைத்திருக்கிறாள்.

சைரன் பஸ்ஸை நேராகத் தையல் கடைக்கு விட்டாள்.

“ஏய், உங்கம்மாவக் கொண்டுபோய் ஹோட்டல்ல மாட்டியிருக்கானுங்கடி! மயிரப் பிடிச்சு சண்ட போடற மாதிரி! வா, ஒரு கை பாத்துடலாம்.”

தையல்காரி மெஷினை நிறுத்தினாள். “எங்கம்மாவா? போட்டோவா? எவ்வளவு பெருசு?”

“கதவளவு.”

அவள் கண் நிறைந்துவிட்டது. “எங்கிட்ட ஒரு படம்கூட இல்லடி. அந்தப் பெரிய மழையில வீட்டோட எல்லாம் போச்சு. அவ மூக்கு எப்படி இருந்துச்சுன்னே மறந்துட்டேன்.” கத்தரிக்கோலைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு, ஷட்டரை இழுத்தாள்.

ஹோட்டலில் படத்துக்கு முன்னால் நின்று அவள் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். “பாரு, எப்படிப் புடிச்சிருக்கா பாரு! அந்தச் சிறுக்கி வரிசையில முந்தியிருப்பா.” போட்டோவோடு போட்டோ எடுத்துக்கொண்டாள். பிறகு படத்துக்கு நேர் எதிரே ஒரு டேபிளில் உட்கார்ந்து இரண்டு சூப் சொன்னாள்.

சண்டை போட ஆள் திரட்டி வந்த சைரன் நடு ஹாலில் நின்றாள். யார்மேல் பாய்வது என்று தெரியவில்லை. கண்ணில் பட்டது அந்தப் பலகைதான்.

“இத எவன் எழுதினான்?”

“நான்தான் மேடம்” என்றார் மேனேஜர்.

“கவலையில்லாத காலமா? குழாயில தண்ணி வர்ற நேரம் எவ்வளவு தெரியுமா? கம்பெனி குடிச்சது போக மிச்சம்தான் எங்களுக்கு. ஒரு கொடத்துக்காகத்தான் இவ அவ மயிரப் புடிச்சிருக்கா. கவலை இல்லாம இருந்தவன் எவனும் அந்த லைன்ல குடியிருக்கல.”

“வேற என்ன எழுதலாம், சொல்லுங்க மேடம்?”

“ஒண்ணும் எழுதாதீங்க. கண்ணு இருக்கிறவன் பாத்துக்குவான்.”

பலகையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு ஸ்க்ரூவோடு, கொஞ்சம் சுண்ணாம்போடு கையோடு வந்தது.

“உக்காருடி, சூப் ஆறுது” என்றாள் தையல்காரி.

“நீ குடி” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்குப் போய், சுவரைப் பார்த்துச் சாத்தியிருந்த பெரிய படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்தாள். பெரிய கத்தரிக்கோலால் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிப் போட்டாள். முகம் வந்த இடத்தில் கை நிற்கவில்லை. சின்னப் படத்தை எடுத்தபோது நின்றது. ஓரம் மஞ்சள் பாரித்து, நடுவில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அம்மா ஒரு தடவை கிழிக்க ஆரம்பித்து விட்டிருக்கிறாளோ என்னவோ. அதைக் கவருக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

தம்பி வீட்டுச் சந்தில் பஸ்ஸைப் பாதி நுழைத்து நிறுத்தி, ஹார்ன் அடித்தாள். அவன் ஓடி வந்தான். ஜன்னல் வழியாகவே கவரை நீட்டினாள்.

“பீரோக்குள்ள வை. நீ எடுத்துப் பாத்துக்க. உன் பொண்டாட்டி பிள்ளைக்குக் காட்டு. வேற எவன் கண்ணுலயாவது பட்டுச்சு, நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

அவன் கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “உள்ள வாக்கா, ரெண்டு வாய் சாப்ட்டுப் போ” என்றான்.

“பசிக்கல.”

“இன்னும் கோவமா?”

“ஆமா. உன்மேல இருக்கு, அந்த மேனேஜர்மேல இருக்கு, அந்தத் தையக்காரிமேலயும் இருக்கு. ஏன் எடுத்தாருன்னு கிரேன் மாமாமேல இருக்கு. அத ஏன் வச்சிருந்தான்னு அம்மாமேலயும் இருக்கு. போ.”

பின்னால் ஒரு லாரிக்காரன் வழி விடச் சொல்லிக் கத்தினான். அவள் தலையை வெளியே நீட்டி அவனை நாலு வார்த்தை கேட்டுவிட்டு, கியரைப் போட்டாள்.