கண்ணடித்த ஜன்னல்கள்

வரைவாளன் போட்ட வயரிங் படம் அவ்வளவு அழகு. மூன்று நிற மை. ஒரு கோணல் கிடையாது. படுக்கையறையின் இரண்டு ஜன்னலுக்கும் மோட்டார் வைத்த சுருள்திரை. இரண்டு மோட்டாரின் மேலேற்றும் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி, போனுக்குக் கட்டுப்படும் விசைப் பெட்டியின் ஒரு ரிலேயில் கொடுத்தான். கீழிறக்கும் கம்பிகளை முறுக்கி இன்னொரு ரிலேயில். போனில் ஒரு தட்டுத் தட்டினால் ரிலே மூடும், மோட்டார் சுற்றும், அறை இருட்டாகும். நான்கு கோடு ஓட வேண்டிய இடத்தில் இரண்டே கோடு. தன் படத்தைப் பார்த்துத் தானே தலையாட்டிக்கொண்டான்.

கட்டடங்களைக் காகிதத்தில் வரைவது அவன் வேலை. கம்பியைத் தொட்டதில்லை.

ஆனால் அவசரம். அவன் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ், இரவு வேலை. காலை எட்டரைக்கு வந்து படுத்தால் வெயில் நேராக முகத்தில் விழும். நேற்று மாலை செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"நாலு மாசமா மோட்டார் மோட்டார்னு சொல்றீங்க. நாளைக்கும் வெயில் கண்ணைக் குத்துச்சுன்னா நான் அம்மா வீட்டுலயே தூங்கிக்கறேன். லீவு நாள்ல வந்து உங்களைப் பாத்துட்டுப் போறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துணிமணி அடுக்கிய பை கட்டிலோரம் இருந்தது. பழைய திரைச்சீலைக்குத் திரும்பவும் வழியில்லை. நம்பிக்கை தலைக்கேறி, போன வாரமே அதைத் துண்டு துண்டாக வெட்டித் துடைக்கிற துணியாக்கியிருந்தான்.

அவளுடைய அண்ணன் எலெக்ட்ரீஷியன். ஒரு போன் போட்டால் ஓடி வருவார். வந்தபின் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார். ஃபேன் ரெகுலேட்டரை இவன் தலைகீழாக மாட்டிய கதையை மூன்று கல்யாணப் பந்தியில் சொன்ன மனுஷர். எனவே மச்சான் காதுக்கு விஷயம் போகவில்லை.

காலை ஏழு மணிக்கு முதல் தட்டு. இரண்டு திரையும் இறங்கின. இடது முதலில் அடியைத் தொட்டு நின்றது. வலது இன்னும் இறங்கிக்கொண்டிருக்க, நின்ற இடது எதையோ மறந்துவிட்டதுபோல் மெல்ல மேலே ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. வலது அடியைத் தொட்டதும் அதற்கும் அதே வியாதி. நிறுத்தினான். தட்டினான். பதினோரு தடவை தட்டியும் அதே ஆட்டம்.

வாசல் மணி அடித்தது. எதிர்ச்சாரி சலூன்காரர், கையில் கத்தியோடு.

"தம்பி, உங்க வீடு கண்ணடிக்குது."

"என்னது?"

"ரெண்டு ஜன்னலு, நடுவுல தபால் பெட்டி. என் கடையிலேருந்து பாத்தா அசல் மூஞ்சி. முதல்ல இடது கண்ணை அடிச்சுது. அப்புறம் வலது. நானும் எவ்வளவு நேரந்தான் பாக்காத மாதிரி இருக்கறது? திரும்பிட்டேன். கத்தி போயிருச்சு."

"ஐயோ, ரத்தமா?"

"ரத்தமில்ல, மீசை. பாதி."

பாதி மீசைக்குச் சொந்தக்காரர் பின்னாலேயே நின்றார். கழுத்தில் சலூனின் கறுப்புத் துணி, ஒரு கன்னத்தில் நுரை. மச்சான்.

"மாப்ள," என்றார். "ரெண்டு மோட்டாரையும் ஒண்ணா முறுக்கிட்டியா?"

வரைவாளன் படத்தை நீட்டினான்.

"பிரமாதம். சட்டம் போட்டு மாட்டு. ஒண்ணு நின்னதும் இன்னொண்ணு வழியா கரண்ட் சுத்தி வந்து இதைத் திருப்பித் தள்ளும்யா. மோட்டாருக்கு மோட்டார் தனி ரிலே வேணும். பெட்டியில எத்தனை இருக்கு?"

"நாலு. ரெண்டு சும்மா இருக்கு."

"சும்மா இருக்கறது ரிலே இல்ல, உன் மூளை."

"மச்சான், அவகிட்ட மட்டும்..."

"நீ என் மீசை போன கதையைச் சொல்லாதே. நான் உன் முறுக்கல் கதையைச் சொல்லலை."

நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. இரண்டு திரையும் இறங்கி நின்ற இடத்தில் நின்றன. மச்சான் சலூனுக்குப் போய் மீதி மீசையையும் எடுத்துவிட்டு வந்தார். எட்டரைக்குத் தங்கை உள்ளே நுழைந்தபோது சமையலறையில் ஒளிந்துகொண்டார்.

அவள் அறையைப் பார்த்தாள். கும்மிருட்டு. பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "இது அடிச்சு நான் முழிச்சேன், தொலைஞ்சீங்க" என்று அவன் போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.

மாப்பிள்ளையும் மச்சானும் வாசல்படியில் டீயோடு உட்கார்ந்தார்கள். ஒன்பதரைக்கு உர்ரென்று ஒரு சத்தம். இரண்டு திரையும் ஒரே சீராக, ஜோடி மாடுபோல், மேலே ஏறத் தொடங்கின.

"என் வேலை எப்படி?" என்றார் மச்சான். பிறகுதான் முகம் மாறியது. "யாரு தட்டினது?"

வரைவாளனுக்கு டீ புரையேறியது. பெட்டி வாங்கிய அன்றே ஆசையாக நேரம் குறித்து வைத்திருந்தான்: தினமும் காலை ஒன்பதரை, திற. மனைவிக்குக் காலை என்பது மத்தியானம் இரண்டு மணி என்று அப்போது தோன்றவில்லை. போன் உள்ளே. ரிலே பெட்டியும் உள்ளே.

மச்சான் நடைக்கு ஓடி ப்ளக் லைனின் எம்.சி.பி. சுவிட்சைத் தட்டிக் கரண்டை நிறுத்தினார். ஃபேன் வேறு லைன், அது ஓடியது. திரைகள் பாதியில் நின்றன. வெயில் கட்டில் காலைத் தொட்டு ஏறிக்கொண்டிருந்தது.

"துணி!" என்றான் வரைவாளன். "ஏதாவது பெரிய துணி!"

"உன் திரைச்சீலை எங்கய்யா?"

"துண்டு துண்டா..."

மச்சான் தெருவைத் தாண்டிச் சலூனுக்கு ஓடினார். இரண்டு கறுப்புத் துணியோடு திரும்பினார். வெளியே ஆளுக்கொரு ஜன்னல். கையை விரித்து, துணியைப் பிடித்து, முதுகை வெயிலுக்குக் கொடுத்து நின்றார்கள். சலூன்காரர் கடைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சத்தமில்லாமல் சைகையால் வழிநடத்தினார்: இடது கண் கொஞ்சம் மேலே, வலது கண் தூங்கி விழாதே.

பதினொன்றரைக்கு வெயில் கூரைக்கு மேலே போனது. இருவர் கைகளும் தாமாகக் கீழே இறங்க மறுத்தன.

இரண்டு மணிக்குத் தாழ்ப்பாள் திறந்தது. அவள் சோம்பல் முறித்தபடி போனைக் கணவன் கையில் கொடுத்தாள்.

"இந்த வருஷத்துலயே இன்னிக்குத்தான் தூங்கினேன். அம்மாகிட்ட நான் வரலைன்னு சொல்லிடுங்க." அப்புறம்தான் மச்சானைப் பார்த்தாள். இரண்டு பேரின் பிடரியும் தக்காளி நிறம். "அண்ணே, இதென்ன கோலம்? மீசை எங்க?"

மச்சான் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை குனிந்து போனில் ஒன்பதரையை அழித்துக்கொண்டிருந்தான்.

"வெயில்ல கருகிப்போச்சும்மா," என்றார் மச்சான்.