ஆள் இல்லாதபோது வரும் சத்தம்

காரின் பின்கதவு உள் அட்டையைக் கழற்றும்போது இரண்டு கிளிப்புகள் உடைந்து தெறித்தன. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு, தகரத்தில் படிந்திருந்த துருவை நடராசன் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தார். மரக்காணத்து உப்பளக் காற்றில் கார் வைத்திருப்பது ஊறுகாய் ஜாடியில் ஆணியைப் போட்டு வைப்பதைப் போலத்தான். பாண்டிச்சேரியில் வாங்கி வந்த ஷீட்டு ஒரு பக்கம் தார், மறுபக்கம் வெள்ளிக் காகிதம். வெயிலில் போட்டால் இளகும். தகரத்தில் ஒட்டிப் பூரிக்கட்டையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தகரம் அதிர்ந்தால்தானே சத்தம், இது அதிர விடாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பூரிக்கட்டை நடராசனின் மனைவி சாமுண்டீஸ்வரியுடையது. அவள் இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வீட்டில் பூரி போட ஆளில்லாததால் அது காருக்கு வந்துவிட்டது.

நடராசன் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஆரனைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும் வண்டிகள். அப்போதெல்லாம் காதே கொடுக்காதவர், ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய இந்தப் பழைய மாருதியைப் போட்டு இப்படிச் சீராட்டியதற்குக் காரணம் சம்பந்தியம்மா. சுனாமிக்கு மறு வருஷம், ஆவணி மாதம். மகள் வினோதினிக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வானூரில் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்து வர வேண்டும், அதுதான் முறை. அதைப் பேசப் போன அன்று சம்பந்தியம்மா வாசலில் நின்ற காரைப் பார்த்தார். கடகடவென்று ஆடுகிற இந்த வண்டியில் வயிற்றுப்பிள்ளைக்காரியை எப்படி அனுப்புவது என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நடராசனும் வேறொன்றும் கேட்கவில்லை. சத்தம் போய்விட்டால் பெண் வந்துவிடுவாள் என்று நம்பினார். நம்புவதற்கு அவரிடம் வேறு எதுவும் இல்லை.

நான்கு கதவுகள், தரை, டிக்கி எல்லாம் ஒட்டியாகிவிட்டது. டேஷ்போர்டுக்கு அடியில் துணி வைத்து அடைத்தார். கண்ணாடி ஏறி இறங்கும் இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்தார். கதவைச் சாத்தினால் பெரிய இடத்துக் கார் மாதிரி தப்பென்று விழுந்தது. ஆனாலும் பின்னாலிருந்து வரும் ஒரு டக் டக் மட்டும் போகவில்லை. ஓட்டுகிறவன் பின்னால் போய்க் காது வைக்க முடியாது. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் அங்கங்கே கையால் அழுத்திப் பார்த்துக் கேட்க வேண்டும். அந்த இன்னொருவருக்கு எங்கே போவது என்று யோசித்தபோதுதான், கூப்பிட்டால் வருகிற மாதிரி ஒருவரும் ஊரில் தனக்கு இல்லை என்பது அவருக்கு உறைத்தது. பஸ்ஸில் எத்தனையோ ஆயிரம் பேரை ஏற்றியிருக்கிறார். அத்தனை பேருக்கும் முதுகைத்தான் காட்டியிருக்கிறார்.

கடைசியில் உப்பளத்துக் காவல்காரர் பச்சமுத்துவைக் கெஞ்சிக் கூட்டி வந்து, தனக்குப் பின்னால் உட்கார வைத்துக் கூனிமேடு வரை ஓட்டினார். சத்தம் வரவே இல்லை.

"ஏம்பா, எங்க இருக்குது சத்தம்? எனக்குத் தூக்கம்தான் வருது" என்றார் பச்சமுத்து.

அவரை இறக்கிவிட்டு நகர்ந்ததும் டக் டக். திரும்ப ஏற்றினால் இல்லை. பச்சமுத்து அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். ஒண்டியாக இருப்பவர்களுக்குக் காதில் என்னென்னவோ கேட்கும் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் நடராசன் செய்ததை அந்த ஊரில் பைத்தியக்காரன்கூடச் செய்யமாட்டான். பாரத்துக்கு வேறு எதுவும் அகப்படாமல், பாத்தியோரம் கிடந்த உப்பு மூட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிக் காருக்குள் ஏற்றினார். பின்சீட்டில் இடப்பக்கம் வைத்து ஓட்டினார், சத்தம் கேட்டது. நடுவில் வைத்தார், கேட்டது. வலப்பக்கம், தன் முதுகுக்குப் பின்னால் நகர்த்தி வைத்ததும் நின்றுவிட்டது.

அது சாமுண்டீஸ்வரியின் இடம். எதிரில் வரும் லாரியைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது என்று அவள் ஒருநாளும் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை. அவளுடைய முந்தானை கதவில் மாட்டிக்கொள்ளும் என்பதால் அவர்தான் இறங்கிப் போய்ப் பார்த்துச் சாத்துவார். அவள் இருந்தவரை, அவள் இல்லாமல் இந்த வண்டியில் அவர் எங்கேயும் போனதில்லை. மூட்டையை இறக்கிவிட்டுச் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். அடியில் சீட்டைப் பிடித்திருக்கும் கொக்கியின் ரப்பர் எந்தக் காலத்திலோ மக்கிப் பொடியாகியிருந்தது. அவள் போன பிறகு வந்த சத்தம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். வண்டி வாங்கிய நாளிலிருந்தே அது இருந்திருக்கிறது. அவள் அதன்மேல் உட்கார்ந்திருந்திருக்கிறாள், அவ்வளவுதான். மூட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு நடராசன் அழுதார். பிறகு சிந்திய உப்பைத் துடைத்தார்.

கொக்கிக்கு அளவாக ஷீட்டில் ஒரு துண்டு வெட்டியவர், அதை ஒட்டவில்லை. இனி அங்கே வினோதினி உட்காரப் போகிறாள். ஷீட்டு எதற்கு என்று டேஷ்போர்டில் போட்டு வைத்தார்.

வளைகாப்பன்று பெண்கள் ஏந்தி வர வேண்டிய வரிசைத் தட்டுகளை அவரே ஒவ்வொன்றாகக் காரிலிருந்து இறக்கினார். பார்த்தவர்கள் ஓடி வந்து வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு, சம்பந்தியம்மாவுக்குக் கேட்கும்படியாகவே மகளைக் கோயில் வரை காரில் போய் வரலாம் என்று கூப்பிட்டார். வினோதினி அவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அந்தக் குண்டும் குழியுமான தெருவில் வண்டி தண்ணீரில் போவதுபோலப் போயிற்று.

"சத்தமே இல்லியேப்பா. என் வளையல்தான் கேக்குது" என்றாள்.

நடராசனுக்கு அன்று அதுவே போதுமாக இருந்தது. திரும்பி வந்ததும் சம்பந்தியம்மா கதவைத் தட்டிப் பார்த்து மெச்சினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வண்டிய சரி பண்ணிட்டீங்க சம்பந்தி. அங்க ராத்திரியில வலி எடுத்தா அவகூட யாருங்க இருப்பா? ஒரு பொம்பள பேரு சொல்லுங்க, இப்பவே அனுப்பிவைக்கிறேன்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. நியாயமான கேள்வி. அதற்கு ஒட்ட அவரிடம் ஷீட்டு இல்லை. மகளைப் பார்த்தார். அவள் வளையல்களை மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நான் இங்கயே இருக்கேம்பா" என்றாள்.

சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார். சாப்பிடாமல் போனால் கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள். தெருமுனை திரும்பியதும் சத்தம் ஆரம்பித்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஏறியும் விடவில்லை. கூனிமேடு தாண்டி உப்பளங்கள் தெரிந்ததும் ஓரங்கட்டினார். டேஷ்போர்டில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் பின்கதவைத் திறந்தார். வெயிலில் தார் இளகி விரலில் ஒட்டியது. சீட்டைத் தூக்கி ஒட்டிவிட்டால் முடிந்தது. பாத்திகளிலிருந்து உப்புக் காற்று காருக்குள் வீசியது.

சீட்டைத் தூக்காமலே துண்டைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே போட்டார். பிறகு பின்கதவை, முந்தானை எதுவும் மாட்டிக்கொள்ளாமல் பார்த்து, மெதுவாகச் சாத்தினார்.