முன்னுக்கு ஒல்லி, பின்னுக்கு அகலம்

ஸப்ரியின் பழைய லேண்ட் றோவருக்கு நாலு டயரும் போய், றிம்களும் துருவேறிப் பொடிந்துவிட்டன. இறக்காமத்தில், மனைவி ஸுஹைறாவின் வீட்டு முற்றத்தில், கல்லுகளுக்கு மேலே அது நின்றுகொண்டிருந்தது. கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுகிற வழக்கப்படி அவன் தன் கடற்கரை ஊரான பாலமுனையை விட்டு வந்தபோது, கூடவே கொண்டுவந்த ஒரே சொத்து வாப்பா கொடுத்த இந்த ஜீப்தான். அறுபது வயதைத் தாண்டியும் எஞ்சின் சொன்ன சொல் கேட்கும். டயரும் றிம்முமாகச் சில்லை மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைத்தான். கரைச்சல் அங்கேதான் ஆரம்பித்தது.

மாமனார் ஆதம்பாவா வயல்காரர். மருமகனுக்கு நேருக்கு நேர் ஏவல் சொல்வது மரியாதையில்லை என்பது அவருடைய கொள்கை. அதனால் ஸப்ரி பக்கத்தில் இருந்து சோறு தின்றுகொண்டிருக்கும்போதே மகளைப் பார்த்துத்தான் கதைப்பார்.

"மகள், வயலுக்க ஒல்லி டயர்தான் சரி. ஒசரமா, ஒடுக்கமா இரிக்கோணும். சேத்த வெட்டிக்கிட்டுப் போய் அடித்தரையப் புடிக்கும். மருமகனுக்குச் சொல்லு."

ஸுஹைறா இவன் பக்கம் திரும்புவாள். "வாப்பா சொல்றது கேட்டிச்சா?"

கேட்காமல் என்ன? இரண்டு காதிலும் விழுந்த செய்தியை இப்போதுதான் கேட்டதுபோல "ஓம்" என்பான்.

மறுநாள் பாலமுனையிலிருந்து மூத்த சகோதரன், காக்கா சீனிமுகம்மதுவின் அழைப்பு வந்தது. அவருக்குக் கரைவலைத் தொழில். வாப்பா காலத்தில் வள்ளத்தைக் கரையேற்றியதும் வலையை இழுத்ததும் இந்த ஜீப்தான்.

"அகல டயரே போடுடா தம்பி. ஒல்லி எண்டா மணலுக்க புதஞ்சிரும். அகலமெண்டா மேலால மிதந்து போகும். வாப்பாட ஜீப், ஞாபகம் இரிக்கட்டும்."

ஸப்ரிக்கு மண்டை காய்ந்தது. ஒல்லி டயர் போட்டால், தம்பி முழுதாகப் பெண் வீட்டு ஆளாகிவிட்டான் என்று காக்கா நினைப்பார். உம்மாவும் மௌத்தாகி அடக்கமான பிறகு பாலமுனையில் அவனுக்கென்று மிச்சம் அந்தக் காக்கா ஒருவர்தான். போக்குவரத்தும் குறைந்துபோய்க் கிடந்தது. அவரையும் இழந்துவிடுவேனோ என்று உண்மையாகவே பயந்தான். சரி, அகலம் போடலாம் என்றால் மாமா ஒன்றும் சொல்லமாட்டார். மகளிடம்கூடச் சொல்லமாட்டார். அந்த மௌனத்தோடு ஒரே வீட்டில் எப்படிக் குடியிருப்பது?

அதே குழப்பத்தோடு கல்முனைக்குப் போய், நல்லரெத்தினத்தின் டயர் கடையில் ஏறினான். அங்கே குழப்பம் இன்னும் கொழுத்தது. ஒரு டயரின் அளவு அங்குலத்தில் இருந்தது, அடுத்தது மில்லிமீட்டரில். அகல டயருக்கு அகல றிம் வேண்டுமாம். அகல றிம் போட்டால் சில்லு மட்காட்டுக்கு வெளியே தள்ளுமாம். ஸப்ரி பேந்தப் பேந்த விழித்தான்.

"தம்பி, ஓடப்போறது சேத்துக்கயா, மணலுக்கயா?" என்று கேட்டார் நல்லரெத்தினம்.

"ரெண்டுக்கயும்தான், அண்ணன்."

"அப்ப நடுவால ஒரு சாதி டயர் இரிக்கு. ரெண்டிலயும் ஒரு மாதிரி ஓடும்."

நடுவாலே போட்டால் இரண்டு பேருமே முகத்தைச் சுளிப்பார்கள் என்றுதான் ஸப்ரிக்குக் கேட்டது. அப்போது கடைக்கு முன்னால் ஒரு ட்ரக்டர் போயிற்று. முன்னுக்கு ஒல்லிச் சில்லு, பின்னுக்கு அகலச் சில்லு. வயலுக்குள் பிறந்து வளர்ந்த யந்திரமே அப்படித்தான் நடக்கிறது. ஸப்ரிக்குத் தன் புத்தியை நினைத்துப் பெருமை பொங்கியது.

"முன்னுக்கு ஒல்லி ரெண்டு, பின்னுக்கு அகலம் ரெண்டு. றிம்மோட தாங்க."

"போடலாம், ஆனா..." என்று நல்லரெத்தினம் இழுக்கும்போது அவருடைய போன் அடித்தது. கதைத்து முடித்தவர் அந்த ஆனாவை மறந்துவிட்டார். ஸ்பெயார் சில்லு எந்தச் சாதி என்று கேட்டதற்கு ஸப்ரி முன்னையும் பின்னையும் எண்ணிக் குழம்பினான். அதை மட்டும் வாங்காமலே வந்தான்.

நாலு சில்லையும் பூட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை காக்காவையும் வரச்சொல்லியிருந்தான். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவர் பின்சில்லைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். ஆதம்பாவா முன்சில்லைத் தடவித் தலையாட்டினார். பிறகு காக்கா முன்னுக்கும் மாமா பின்னுக்கும் நடந்துபோய், மற்றச் சில்லைக் குனிந்து பார்த்தார்கள். அந்தப் பார்வை ஸப்ரிக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வயலுக்கு விட்டான்.

சேறு வருமுன்னே, கட்டாந்தரையிலேயே, நாலு சில்லையும் இழுக்கவைக்கிற லீவரைப் போட்டான். ஜீப் முனகியது. வண்டியில் பூட்டப் பிடிக்காத மாடுபோல முரண்டு பிடித்தது. லீவரைக் கழற்றப் பார்த்தால் அசையவில்லை. வாய்க்கால் வளைவில் திருப்பும்போது அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். பின் அச்சு முறிந்துபோயிற்று.

சீனிமுகம்மது இறங்கிச் சாணால் அளந்தார். பின்சில்லு முன்சில்லைவிட உயரம் குறைவு.

"ட்ரக்டர் சின்னச் சில்லும் பெரிய சில்லுமா ஓடுற கணக்குக்குச் செஞ்சது. இது அப்பிடி இல்லடா. நாலையும் ஒண்டாப் பூட்டினா ஒண்டையொண்டு இழுத்து முறிக்கத்தானே செய்யும்."

கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஆதம்பாவா அவனிடம் நேரே கதைத்தார். "ஏன் மருமகன் இப்பிடிச் செஞ்சீங்க?"

"நீங்க ஒல்லி எண்டீங்க, மாமா. காக்கா அகலம் எண்டாரு." ஸப்ரி இரண்டு கையையும் விரித்தான். "நான் என்னத்தச் செய்யிற?"

"நான் சும்மா கதைக்குச் சொன்னன். எனக்கு என்னத்துக்கு ஜீப்பு? ட்ரக்டர் இரிக்கிதானே."

ஸப்ரி காக்காவைப் பார்த்தான். அவர் பார்வையை வாய்க்கால் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நாங்களும் இப்ப ட்ரக்டராலதான் வலை இழுக்கிற" என்றார் மெதுவாக.

"அப்ப ஏன் காக்கா அகல டயர் போடச் சொன்னீங்க?"

காக்கா கையில் ஒட்டியிருந்த மண்ணைச் சாரனில் துடைத்துக்கொண்டார்.

"மணலுக்க ஓடுற டயர் போட்டா நீ ஊருக்கு வருவாய் எண்டு நெனச்சன்."

ஸப்ரிக்கு வெட்கம் வந்தது. இறக்காமத்திலிருந்து பாலமுனைக்கு முழுக்கத் தார் றோட்டுத்தான். பஸ் ஓடுகிறது.