ரசமட்டம் வைத்த வேலி

தச்சருக்கு மேசை, கட்டில் எல்லாம் அத்துப்படி. வேலி அடிப்பது இதுதான் முதல் தடவை. கீரைப் பாத்தியை ஆடு மேய்ந்துவிடுகிறது என்று மனைவி நச்சரித்ததால், கொல்லைப்புறச் சரிவில் மேலிருந்து கீழாக அடித்துக்கொண்டே போனார். பலகைகள் எல்லாம் ஒரே உயரம். ஒவ்வொன்றின் தலையிலும் ரசமட்டம் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, மேல் விளிம்பு ஒரே மட்டமாக இருக்கிறதா என்றே பார்த்தார். மனுஷன் ஒருமுறை தரையைப் பார்த்திருந்தால்தானே!

"எப்படி? நூல் பிடிச்ச மாதிரி இல்ல?" என்று மீசையை முறுக்கினார்.

நிலம் சரிந்துபோன கீழ்க்கோடியில், பலகைகள் இடுப்பு உயரத்தில் அந்தரத்தில் தொங்கின. அவற்றின் அடியில் ஆடு நுழைந்துகொண்டிருந்தது.

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "பிரமாதமான வேலிங்க. ஆடு தலையைக்கூடக் குனியல, பாருங்க!"