ட்வீட்டரை ஏற்றச் சொன்னவன்

1

இந்தக் கதை மதிப்புரையாகத்தான் தொடங்கியது. காக்களூரில் தயாரான ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரை நாலு நாள் கேட்டுவிட்டு, "மேல் ஓசை காதைத் துளைக்கிறது, இந்த விலைக்கு வேண்டாம்" என்று இணையத்தில் எழுதினேன். பெரிய மேதாவி என்ற நினைப்பு. பிறகு அதைச் செய்தவரைச் சந்தித்தேன். "என் காது சரியில்ல சார். ஃப்ரெண்டு சொல்லித்தான் மேல் சத்தத்தை ஏத்துனேன்" என்றார். மதிப்புரை எழுதியவன் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நண்பரை நான் பார்த்ததில்லை. பழியை யார் தலையிலாவது கட்ட வேண்டுமே, அதனால் சாலமோனை உண்டாக்கினேன்.

2

"கும்மிடிப்பூண்டியில் சாலமோனை எல்லோரும் யானைக்காது என்றுதான்—"

(அடித்துவிட்டேன். பட்டப்பெயர் வைத்தால் பாதி வேலை முடிந்தது என்கிற சோம்பேறித்தனம்.)

சாலமோன் கும்மிடிப்பூண்டியில், பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடித்து வடிக்கும் ஃபோர்ஜிங் ஷாப்பில் பதினாறு வருடமாக வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை சபையில் மைக்செட் அவன் பொறுப்பு. ஐடிஐயில் கூடப் படித்த வசந்தகுமார் காக்களூரில் ஷெட் பிடித்து ஸ்பீக்கர் செய்ய ஆரம்பித்தபோது, முதல் ஜோடியைக் கேட்க அவனைத்தான் கூப்பிட்டான்.

"எப்டி கீது? மூஞ்சிக்காகச் சொல்லாதடா."

"பேஸ் சூப்பரா கீது மச்சான். மேலதான் ஒன்னுமே இல்ல. ஜால்ரா எங்க? ட்வீட்டரை ஏத்து."

"எனக்கு நல்லாத்தானே கேக்குது?"

"நீ செஞ்சது உனக்கு நல்லாத்தான் கேக்கும்."

மேல் ஓசையை எழுப்பும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரின் சத்தத்தை, "இப்ப கரெக்ட்" என்று சாலமோன் சொல்லும்வரை வசந்தகுமார் மூன்று தடவை ஏற்றினான். அதே அளவில் நாற்பது ஜோடி செய்தான்.

3

(பொறாமையில் சொன்னான் என்று ஒரு வரைவில் எழுதிப் பார்த்தேன். சுலபமாக இருந்தது, பொய்யாகவும் இருந்தது. பதினாறு வருடம் இரும்படிக்கும் சத்தத்தில் மேல் ஓசை அவனுக்குக் கேட்காமல் போயிருந்தது, அவ்வளவுதான்.)

கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை காது டெஸ்ட் நடக்கும். ஹெட்ஃபோனில் சத்தம் வந்தால் பட்டனை அழுத்த வேண்டும். காது மந்தமானவனைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள், ஓவர்டைம் கிடைக்காது. அதனால் ஷாப்பில் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். சத்தத்தை விட்டுவிட்டு, டெஸ்ட் எடுப்பவரின் விரலைப் பார்த்தான். விரல் அசைந்தால் பட்டனை அழுத்தினான். ஒவ்வொரு வருடமும் 'நார்மல்' என்று சீட்டு வந்தது. ஏமாற்றி வாங்கிய சீட்டை நாளடைவில் அவனே நம்பிவிட்டான்.

4

காதைத் துளைக்கிறது என்று விற்ற ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அதில் ஒரு ஜோடியைச் சாலமோன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டுப் போட்டான். ப்ளஸ் டூ படிக்கும் மகள் மோனிகா காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஆஃப் பண்ணுப்பா, கூசுது!"

"எங்க கூசுது? நல்லாத்தானே பாடிக்கினு கீது?"

"இந்தக் கீச்சு சத்தம் உனக்குக் கேக்கலயா?"

அவனுக்குக் கேட்கவில்லை. அன்று அவன் தூக்கம் வராமல் புரண்டு—

(வேண்டாம். மறுநாள் அவனுக்குக் காலை ஷிஃப்ட், தூங்கத்தான் தூங்கினான். ஆனால் கூடப் படித்தவன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று நொந்துபோனான்.)

5

அந்த ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்ததும் தன் காது விஷயத்தைச் சொல்லிவிடுவது என்றுதான் காக்களூர் போனான். வசந்தகுமார் முந்திக்கொண்டான்.

"புதுசா ஒரு ஜோடி செஞ்சிக்கீறேன். யாரையும் கேக்காம, என் காதுக்குப் புடிச்ச மாதிரி. ஆனா என் காதை நானே எப்டிடா நம்புறது? நீ கேட்டுச் சொல்லு. தேறாதுன்னா ஷெட்டைக் காலி பண்ணிட்டு மச்சினன்கூட டைல்ஸ் வேலைக்குப் போறேன்."

பாட்டு ஓடியது. சாலமோனுக்கு மேல் ஓசை ஒன்றுகூடக் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்கும்படி ஏற்றியதுதானே மற்றவர்கள் காதைத் துளைத்தது; அதனாலேயே, இது நல்ல ஸ்பீக்கராகத்தான் இருக்கும் என்று அவனுக்குப் புரிந்தது.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் சாலமோன் "சூப்பரா கீது" என்கிறான். ஷெட் பிழைக்கிறது. ஆனால் வசந்தகுமார் அப்போதும் நம்புவது சாலமோனின் காதைத்தான். இன்னொரு முடிவில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான், வசந்தகுமார் உடனே மன்னிக்கிறான். அவ்வளவு சீக்கிரம் யார் மன்னிப்பார்கள்? அதையும் கிழித்துவிட்டேன். மூன்றாவது முடிவு எனக்கு வரவில்லை.

பாட்டு முடிந்துவிட்டது. வசந்தகுமார் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"சொல்லுடா, உன்னைத்தான் நம்பிக்கினு கீறேன்."

அடுத்த வரியை நீங்கள்தான் எழுத வேண்டும்.