மூலைக் கதவின் நான்கு வார்கள்

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு எதையும் தடுப்பது பிடிப்பதில்லை. ஒருத்தன் ஓடினால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பந்தை எறிந்தால் அடுத்தவன் பிடித்தே ஆக வேண்டும், பலகையில் எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் எவனாவது பாய்ந்து மறித்துவிட்டால் 'ஊ' என்று ஊளையிடுகிறார்கள். மறித்தவன் சொந்த ஊர் ஆட்டக்காரனாக இருந்தாலும் அதே ஊளைதான். ஐந்து நிமிடம் எண் ஏறாவிட்டால் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போய்விடுகிறார்கள். இப்படிப்பட்ட கூட்டத்துக்காகத் தரை விரித்து, சுவருக்கு மெத்தை கட்டுவது வெர்லின் கோட்டெக்கின் வேலை.

வெர்லினுக்கு எழுபத்து மூன்று வயது. எட்டாவது வரை படிப்பு. முப்பத்தோரு வருடம் மாட்டிறைச்சி ஆலையில் கத்தி பிடித்துவிட்டு, பிறகு ஊர் அரங்கத்தில் வேலைக்கு வந்தவர். நெப்ராஸ்காவில் பிளாட் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர் அது. குளிர்காலத்தில் அரங்கத்தில் பனித்தரை இருக்கும், ஹாக்கி நடக்கும். மார்ச் வந்தால் பனியின் மேல் பச்சைத் தரையைச் சுருள் சுருளாக விரிப்பார்கள். அப்புறம் 'வெட்டுக்கிளிகள்' அணியின் உள்ளரங்கப் பருவம் தொடங்கும். ஐம்பது கஜ மைதானம், பக்கத்துக்கு எட்டுப் பேர், முட்டை வடிவப் பந்து. கோட்டுக்கு வெளியே என்று ஓர் இடமே கிடையாது. கோடு முடிகிற இடத்தில் பலகைச் சுவர் நிற்கும். அதனால்தான் சுவர் முழுக்க மெத்தை.

அந்த வருடம் அணியைப் புதிதாக வாங்கியவன் பிரென்ட் ஷாஃபர். நெடுஞ்சாலையில் அவனுக்கு வண்டிக் கடை. அவன் அப்பாவை வெர்லினுக்குத் தெரியும். நேர்மையான மனிதர் என்று சொல்ல முடியாது, ஆனால் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார். மகனிடம் அதுவும் இல்லை.

பனித்தரையைத் தேய்க்கும் இயந்திரம் உள்ளே வருவதற்கு மைதானத்தின் மேற்கு மூலையில் ஓர் இரட்டைக் கதவு உண்டு. அந்தக் கதவுக்கு வெளியே பிரென்ட் தன் கடையிலிருந்து ஒரு புத்தம் புதிய சிவப்பு டிரக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான். நம்ம ஆள் பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டதும் கதவு திறக்கும். போட்டவன் ஓடிப்போய் டிரக்கின் மேல் ஏறி நின்று கூட்டத்துக்குள் பனியன்களை வீசுவான். பிரென்ட் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் படம் பிடித்து ஊருக்கே அனுப்புவான்.

முதல் ஆட்டம் 61–58. இரண்டாவது 70–74. மூன்றாவது 82–77. நானூறு பேர் வந்த அரங்கத்துக்கு மூவாயிரம் பேர் வர ஆரம்பித்தார்கள். ஓர் ஆட்டத்தில் நம்ம பக்கம் மட்டும் பத்து, பதினோரு டச்டவுன். அத்தனை தடவையும் வெர்லின் கதவைத் திறக்க வேண்டும், மூட வேண்டும். இரண்டு கதவும் சேரும் இடத்தில், தரையை ஒட்டி, ஒரு முழ நீளத்துக்கு இரும்புத் தாழ்ப்பாள் துருத்திக்கொண்டு நிற்கும். அதை மறைக்கும் மெத்தைக்கு மேலே இரண்டு கொக்கி, கீழே நான்கு வார். கொக்கி மாட்ட ஒரு நொடி போதும். வார்களை இழுத்துக் கட்டத்தான் முழங்கால் போட வேண்டும். வெர்லினின் முழங்காலை ஆலையின் ஈரத்தரை எப்போதோ தின்றுவிட்டது.

மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் பிரென்ட் வந்தான்.

"வெர்லின், நீங்க வாரு கட்டி முடிக்க ரெண்டு நிமிஷம் ஆகுது. நடுவர் நமக்கு அஞ்சு கஜம் அபராதம் போட்டுட்டாரு. பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"மேல ரெண்டு கொக்கி இருக்கே. கீழ எதுக்கு நாலு வாரு?"

"கீழ கட்டலேன்னா மெத்தை திரைச்சீலை மாதிரி தூக்கும். உள்ள இரும்பு இருக்கு. உங்கப்பனக் கேட்டிருந்தா சொல்லியிருப்பான்."

"அப்பா செத்து ஒன்பது வருஷம் ஆச்சு."

"அதத்தான் சொல்றேன். உனக்குச் சொல்ல ஆள் இல்ல."

பிரென்ட் சிரித்தான். கோபப்பட வேண்டிய இடத்தில் சிரிக்கிறவனை வெர்லின் நம்புவதில்லை. "ஆட்டத்துக்கு முன்னாடி நடுவர் சுத்திப் பாப்பாரு. அப்ப நாலும் கட்டியிருக்கட்டும். அப்புறம் வெறும் கொக்கி போதும். நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெர்லின் கேட்கவில்லை. நான்காவது ஆட்டத்திலும் நான்கு வாரையும் கட்டினார். அதற்குள் கூட்டம் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தது. அவர் முழங்கால் போட்டதும் மூவாயிரம் பேரும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நாற்பதைத் தாண்டினால் சிரிப்பு. ஐம்பதைத் தாண்டினால் காகிதக் குவளையிலிருந்து பனிக்கட்டி பறந்து வந்து முதுகில் விழும். "சவப்பொட்டிக்குள்ள படுக்கற நேரத்துல உனக்கு எதுக்கு கயிறு கட்டற வேலை?" என்று ஒருத்தி கத்தினாள். அவள் மாதா கோயிலில் அவருக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறவள்.

ஐந்தாவது ஆட்டத்தில், ஏழாவது டச்டவுனுக்குப் பிறகு, எண்ணிக்கை முப்பத்தெட்டில் இருந்தபோது வெர்லின் எழுந்தார். இரண்டு வார்தான் கட்டியிருந்தார். மற்ற இரண்டும் தொங்கின. கூட்டம் கைதட்டியது. அதற்கடுத்த ஆட்டத்திலிருந்து, நடுவர் பார்த்துவிட்டுப் போனதும், கீழே ஒன்றையும் கட்டவில்லை.

இத்தனை பேர் ஓட ஆசைப்படுகிற அணியில் தடுக்க ஆசைப்பட்டவன் ஒருவன்தான். கீஷான் டில்லார்ட். மிசிசிப்பியிலிருந்து வந்த இருபத்தைந்து வயதுப் பையன். எதிரணியில் பந்து பிடிக்க ஓடுகிறவனைத் துரத்தி மறிப்பது அவன் வேலை. பகலில் வெர்லின் வேலை பார்த்த அதே ஆலையில் கத்தி பிடித்தான். அந்தக் காரணத்தினாலேயே வெர்லின் அவனோடு பேசினார். ஆட்டத்துக்கு முந்தின மதியங்களில் இருவரும் காலி இருக்கைகளில் உட்கார்ந்து, வெர்லின் கொண்டுவந்த முட்டைக்கோஸ் கறி பொதிந்த ரொட்டியைத் தின்பார்கள்.

"பெருசு, போன வாரம் என் தலைக்கு மேல எத்தன பந்து போச்சு?"

"பத்து வரைக்கும் எண்ணுனேன். அப்புறம் எனக்கே வெக்கமாப் போச்சு."

"உதவிக்கு ஒருத்தனும் வர்றதில்ல. கோச் என்ன சொல்றாரு தெரியுமா? அவனுங்க சீக்கிரம் போட்டுட்டா நம்ம கைக்குப் பந்து சீக்கிரம் வருமாம்."

"சரிதானே. நீ தடுத்துட்டா டிரக்கு மேல எவன் ஏறுவான்?"

"ஒரு ஆட்டம். ஒரே ஒரு ஆட்டம் தடுத்து ஜெயிக்கணும் பெருசு. கனடாவுல பெரிய அணி வச்சிருக்கறவனுங்க ஆள் பாக்க வர்றானுங்களாம். ஓடறவன் ஊருக்கு நூறு பேரு கெடைப்பான். தடுக்கறவனத்தான் தேடறானுங்க."

"உங்கிட்ட யாரு சொன்னா?"

"பிரென்ட்."

வெர்லின் மெல்வதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். 

பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம். நான்கு நொடி பாக்கி, 68–66, நம்ம அணி முன்னால். பந்து அவர்கள் கையில். எறிகிறவன் மேற்கு மூலைக்குத் தூக்கி எறிந்தான். அவர்களுடைய நெட்டையன் ஒருவன் கைகளை விரித்து அதற்காக ஓடினான். டில்லார்ட் அவனுக்குப் பின்னால் இரண்டு எட்டில் இருந்தான். எப்படிப் பறந்தானோ, விரல் நுனியால் பந்தைத் தட்டிவிட்டான். பந்து தரையில் விழுந்து உருண்டது. டில்லார்ட் நிற்க முடியாமல் வயிற்றால் சறுக்கிக்கொண்டு, தலை முன்னாக மெத்தைக்கு அடியில் போனான். மெத்தை தூக்கியது. அவன் தோள்வரை உள்ளே போன பிறகு மறுபடி கீழே விழுந்து அவனை மூடிக்கொண்டது.

சங்கு ஊதியது. ஆட்டம் முடிந்தது. அந்தப் பருவத்தில் முதல் தடவையாக ஒரு தடுப்புக்குக் கூட்டம் எழுந்து நின்று கத்தியது. தீவில் தவித்த மாலுமிகள் கப்பலைக் கண்டது போல அணி முழுக்க அவன்மேல் விழ ஓடிவந்தது. வெர்லின் கதவுக்கு வெளியே டிரக்கின் பக்கத்தில் நின்றிருந்தார். கதவின் இரும்பில் கேட்ட சத்தம் அவருக்குத் தெரியும். ஆலையில் முதுகெலும்பைப் பிளக்கும் மேஜையில் முப்பத்தோரு வருடம் கேட்ட சத்தம்.

"மேல விழாதீங்கடா! எவனும் தொடாதீங்க!" என்று கத்தினார். அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. மேலிருந்து கூட்டம் வீசிய பனியன்கள் பறந்து வந்துகொண்டிருந்தன. முதலில் வந்தவன் மெத்தையை விலக்கிப் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். அப்புறம்தான் ஒவ்வொருவராக நின்றார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து பிரென்ட் கூப்பிட்டதன் பேரில் வெர்லின் ஓமஹாவுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி அறையில் மூன்று பேர் இருந்தார்கள். படுக்கையில் டில்லார்ட், தலையைச் சுற்றி இரும்பு வளையம், வளையத்திலிருந்து மண்டைக்குள் இறங்கிய திருகாணிகள். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. பக்கத்தில் அவன் அக்கா லட்ரீஸ். மிசிசிப்பியிலிருந்து பேருந்தில் வந்தவள், வந்த நாளிலிருந்து அந்த நாற்காலியிலேயே தூங்குகிறாள். சன்னலருகே பிரென்ட். கையில் ஒரு காகிதம்.

வெர்லின் காகிதத்தை வாங்கி, வரிக்குக் கீழே விரல் வைத்து மெதுவாகப் படித்தார். மூலைக் கதவின் மெத்தையில் நான்கு வார்களும் ஆட்டம் முடியும் வரை கட்டப்பட்டிருந்தன என்று அவர் உறுதி கூறுவதாக எழுதியிருந்தது.

"இது பொய்" என்றார்.

"வெர்லின், கேளுங்க. எல்லாம் ஒழுங்கா இருந்தும் நடந்துச்சுன்னா அது விபத்து. இன்சூரன்ஸ்காரன் வைத்தியத்துக்குக் குடுப்பான். நாம ஒழுங்கா கட்டலன்னு வந்துச்சுன்னா கைய விரிச்சிருவான். அவ்வளவுதான் விஷயம்."

வெர்லின் அவனைப் பார்க்கவில்லை. படுக்கையருகே போய், வளையத்துக்குள் இருந்த கண்களுக்கு நேராகக் குனிந்தார்.

"தம்பி, நான் கட்டல."

"தெரியும் பெருசு." அவன் குரல் மூச்சாகத்தான் வந்தது. "பாதி ஆட்டத்துலயே பாத்தேன். ஆடிக்கிட்டு இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாமேடா."

"நீங்க கட்டியிருக்கலாமே."

வெர்லின் நிமிர்ந்தார்.  லட்ரீஸ் தம்பியின் உதட்டை ஈரத்துணியால் துடைத்தாள்.

"ஐயா, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல" என்றாள். "ஆனா கையெழுத்துப் போடுங்க. அடுத்த வாரம் இவன இங்கருந்து எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க. எங்க வீட்டு வாசல்ல மூணு படி இருக்கு. இவனத் தூக்கிட்டு நான் எங்க போவேன்?"

"போட்டா குடுப்பாங்கன்னு யாரு சொன்னா?"

அவள் பிரென்டைப் பார்த்தாள்.

"அதான்" என்றார் வெர்லின். "அம்மா, இந்தாளு பருவம் பூரா அந்தக் கதவப் படம் பிடிச்சான். நான் ஒரு கையால மெத்தையத் தூக்கிக் கதவத் திறக்கறத ஊரே பாத்திருக்கு. நான் முழங்கால் போடறதுக்குள்ள ஆட்டம் ஆரம்பிச்சிடும். கம்பெனிக்காரன் குருடனா?"

"நான் எல்லாத்தையும் அழிச்சிட்டேன்" என்றான் பிரென்ட்.

"உன்னுத அழிச்ச. மூவாயிரம் பேர் போன்ல இருக்கறத எவன் அழிச்சான்? இந்தக் காகிதம் பொய்னு தெரிஞ்ச அன்னைக்கு, பையனும் சேந்து பொய் சொன்னான்னு சொல்லி கம்பெனிக்காரன் இவன் கட்டிலையும் சேத்து எடுத்துட்டுப் போவான். நீ கடைய அடைச்சிட்டு உக்காந்துக்குவ."

"பெருசு." டில்லார்ட் கண்ணை மட்டும் திருப்பினான். "வேற வழி இருந்தா சொல்லுங்க."

வெர்லின் காகிதத்தைத் திருப்பி, சன்னல் திட்டில் வைத்து, பள்ளிப் பிள்ளை போலப் பெரிய எழுத்தில் எழுதினார். வார் ஒன்றும் கட்டவில்லை. கட்டாதது நான். கட்ட வேண்டாம் என்று சொன்னது பிரென்ட் ஷாஃபர். கீழே தன் பெயரைப் போட்டு லட்ரீஸிடம் நீட்டினார்.

"இத ஒரு வக்கீல்கிட்டக் காட்டுங்க. அந்தப் பொய்க்கு இது மேல்."

அவள் படித்தாள். படித்துவிட்டு எழுந்தாள். உயரமான பெண். அவர் அதுவரை அதைக் கவனித்திருக்கவில்லை.

"வக்கீலு வருஷக்கணக்கா இழுப்பான். இவனுக்குப் படுக்கைப் புண்ணு வர ஒரு வாரம் போதும். அன்னைக்கு நாலு வாரு கட்ட வலிச்சுது உங்களுக்கு. இன்னைக்கு ஒரு கையெழுத்துப் போட வலிக்குது. உங்க மனசு சுத்தமாகறதுக்கு என் தம்பி தரையில கெடக்கணுமா?"

வெர்லின் பேனாவை மூடிச் சன்னல் திட்டில் வைத்தார். 

"விடுங்க லட்ரீஸ்" என்றான் பிரென்ட், காகிதத்தை அவள் கையிலிருந்து மெல்ல எடுத்து நான்காக மடித்துக்கொண்டே. "வேற ஒண்ணு அடிச்சிக்கலாம். கோச் போடுவாரு. அவரும் அங்கதான் இருந்தாரு."

லட்ரீஸ் தடுக்கவில்லை.

"டேய் கீஷான்" என்று கூப்பிட்டார் வெர்லின்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "போங்க பெருசு."

வெர்லின் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நீளமான தாழ்வாரம். மின்தூக்கிக்கு நிற்காமல் படியில் இறங்கினார், ஒவ்வொரு படிக்கும் முழங்கால் சொடுக்கியது. கோச் கையெழுத்துப் போடுவார், அதில் சந்தேகம் இல்லை. கம்பெனிக்காரன் படங்களைத் தேடாமலே காசைக் கொடுத்துவிடவும் கூடும். அப்படிக் கொடுத்த கம்பெனியை அவர் பார்த்ததில்லை. ஆலையில் கை போனவர்கள் பதினான்கு பேர் அவருக்குத் தெரியும், ஒருவனுக்கும் எந்தக் கம்பெனியும் துருவிப் பார்க்காமல் கொடுத்ததில்லை. ஆனால் அவள் வீட்டு வாசலில் அந்த மூன்று படியும் அப்படியேதான் இருக்கும்.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் வெயில் தகித்தது. மேலே எந்தச் சன்னல் என்று அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "குடுக்க மாட்டான்" என்று தனக்குத்தானே உரக்கச் சொன்னார். பக்கத்தில் வண்டிக்குள் ஏறிக்கொண்டிருந்த ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அவர் தன் வண்டியைத் தேடி நடந்தார்.